பொறியைச் சுற்றிய பீங்கான்

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டதும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. டீசல் நின்றது, பற்றரி நின்றது, உரமும் சீமெந்தும் நின்றன. மின்சாரம் போனது. யாழ்தேவியின் கூவல் கேட்காமல் போனது. சங்கக்கடையில் கூப்பனுக்கு அளந்து ஊற்றிய மண்ணெண்ணெயும், வெளியே பல மடங்கு விலைக்கு ஒளித்து விற்ற மண்ணெண்ணெயும்தான் மிச்சம். விளக்கு எரிந்தது அதில்தான், அடுப்பு எரிந்தது அதில்தான், தோட்டத்து இறைப்பு மிசின் ஓடியதும் அதில்தான். கொஞ்ச நாளில் காரும் அதில் ஓடத் தொடங்கியது.

அந்தக் கார்களைப் பற்றி ஊரில் எவரைக் கேட்டாலும் முதலில் புகையைத்தான் சொல்வார்கள். ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் என்று முப்பது நாற்பது வயதான பிரித்தானியக் கிழடுகள், வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு, கண்ணெரியும் வாசத்தோடு, பெரியாஸ்பத்திரிக்கும் கல்யாண வீட்டுக்கும் ஓடின. புகையைச் சொல்பவர்கள், எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் ஸ்பார்க் பிளக்கைச் சொல்வது குறைவு. ஓட்டியவர்களைக் கேட்டால் கதை வேறு. நல்லூரிலிருந்து பருத்தித்துறைக்குப் போவதற்குள் இரண்டு தரம் இறங்கி பொனற்றைத் திறந்து பிளக் கழற்றியவர்கள் அவர்கள். பிளக் திறப்பு இல்லாமல் கார் வெளிக்கிடாது. காற்சட்டைப் பையில் ஒரு பிளக், டாஷ்போட் தட்டில் இன்னொரு பிளக்.

புதிய ஜப்பான் கார்கள் முற்றத்தில் படங்குக்குக் கீழே கிடக்க, கிழடுகள் மட்டும் ஏன் ஓடின? காரணம் அவற்றின் மந்தம். ஏ40 டெவனில் சிலிண்டருக்குள் போகும் காற்றும் எரிபொருளும் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகத்தான் அமுக்கப்பட்டன. போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் கிடைத்த மட்டமான பெற்றோலுக்கென்று வைத்த கணக்கு அது. மண்ணெண்ணெயோ அமுக்கினால் பொறிக்கு முன்பே தானாக வெடித்துவிடும் எரிபொருள். ஒக்டேன் அளவில் பெற்றோலின் காற்பங்குக்குக் கிட்டத்தான் நிற்கும். ஒன்பது பத்துக்கு ஒன்று என்று இறுக்கி அமுக்கும் புது எஞ்சினில் ஊற்றினால் பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம் வரும், கொஞ்சத் தூரத்தில் எஞ்சின் போய்விடும். கிழடுக்கு அது தாங்கும். அதிலும் தட்டினால், ஹெட்டுக்குக் கீழே இரண்டு கஸ்கெற்றை அடுக்கி அமுக்கத்தை இன்னும் குறைத்தார்கள்.

எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டும் வித்தையைப் போர்தான் கற்றுக்கொடுத்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது ஒப்புக்கொள்ள முடியாத கதை. குடாநாட்டுத் தோட்டக்காரர் அதை முப்பது வருடம் முன்பே படித்துவிட்டார்கள். வற்றாத ஆறு இல்லாத ஊர், சுண்ணாம்புக் கல்லைக் குடைந்த கிணறுதான் நீர். 1950களிலும் 60களிலும் துலாவின் இடத்துக்கு இறைப்பு மிசின் வந்தது. 1970களின் தொடக்கத்தில் வெளிநாட்டு வெங்காயத்தையும் மிளகாயையும் அரசாங்கம் மறித்தபோது இங்கே தோட்டம் செழித்தது, மிசின்களும் பெருகின. அந்த மிசினுக்கு எண்ணெய் இரண்டு வகை. சின்ன அறையில் பெற்றோல், பெரிய அறையில் மண்ணெண்ணெய். பெற்றோலில் கயிறு இழுத்து ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு விடவேண்டும். நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்பு மறுபடி பெற்றோலுக்குத் திருப்பவேண்டும். இல்லாவிட்டால் காபரேற்றர் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் நின்று மறுநாள் விடியக் கயிறு இழுத்தே தோள் போய்விடும். பாத்தி மாற்றிக் கட்டிக்கொண்டிருக்கும் பத்து வயதுப் பெடியனுக்கும் இது தெரியும். 1990இல் செய்ததெல்லாம் அதே ஏற்பாட்டை மிசினிலிருந்து காருக்கு ஏற்றியதுதான். சின்ன அறைக்குப் பதிலாக ஆஸ்பத்திரிச் சேலைன் போத்தலும் அதன் குழாயும் வந்தன. சிலர் பிள்ளையின் சூப்பிப் போத்தலில் இரண்டு சொட்டுப் பெற்றோலை வைத்துக்கொண்டு காபரேற்றர் வாயில் பீச்சினார்கள்.

ஆனால் மிசின் ஒரே வேகத்தில், ஒரே பாரத்தில், சூடு குறையாமல் மணிக்கணக்காக ஓடுவது. கார் அப்படியில்லை. சென்ரியில் நிற்கும், ஒழுங்கை முடக்கில் ஊரும், குண்டுச் சத்தம் கேட்டால் மரத்துக்குக் கீழே ஒதுங்கும். எஞ்சின் ஆறும். ஆறிய எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாவதில்லை. பெற்றோல் நாற்பது பாகைக்குக் கிட்டவே கொதிக்கத் தொடங்கிவிடும். விளக்கெண்ணெயாக விற்கும் மண்ணெண்ணெய்க்கு நூற்றைம்பதுக்கு மேல் வேண்டும். ஆவியாகாத துளிகள் போய் ஒட்டுகிற இடம் பிளக்கின் மூக்கு. பாதி எரிந்த எண்ணெய் கரியாகும். கரி மின்சாரத்தைக் கடத்தும். பிறகு பிளக்கின் நுனியில் இடைவெளியைப் பாய்ந்து தாண்டவேண்டிய மின்சாரம், அந்தக் கஷ்டம் ஏன் என்று பீங்கானின் மேல் படிந்த கரி வழியே நைசாக இறங்கி எஞ்சின் இரும்புக்குள் போய்விடும். பொறி இல்லை. நாலு சிலிண்டரில் ஒன்று செத்துவிடும், கார் குலுங்கும். “அண்ணை, ஒரு பிளக் அடிக்குதில்லை” என்று பின்னால் இருக்கும் பெடியன் சொல்லமுதலே சாரதி றோட்டோரம் ஒதுக்கிவிடுவார்.

பிளக் என்ற இந்தச் சாமான் பிறந்து வளர்ந்த கதை முழுவதும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. பொறி உண்டாக்குவது எப்போதும் பெரிய கஷ்டமாக இருந்ததில்லை. பொறியை வேண்டிய இடத்தில் மட்டும் உண்டாக்கி, மற்ற இடங்களில் கசியாமல் கட்டிவைக்கும் வெள்ளைப் பீங்கான்தான் நூறு வருடம் ஆட்களை அலைக்கழித்தது.

இத்தாலியின் அலெசாண்ட்ரோ வோல்ட்டா 1776இல் மஜோரே ஏரிக்கரைச் சேற்றைத் தடியால் கிண்டி, எழும்பிய குமிழிகளைப் போத்தலில் பிடித்தார். எரியும் வாயு. மறு வருடம் அதைக் காற்றோடு கலந்து மூடிய பாத்திரத்தில் அடைத்து, காப்பிட்ட கம்பியொன்றை உள்ளே விட்டு மின்பொறி கொடுத்தார். தக்கை வெடித்துப் பறந்தது. கோமோவிலிருந்து மிலானுக்குக் கம்பி இழுத்து, இங்கே பொறி கொடுத்தால் அங்கே துப்பாக்கி வெடிக்கும்படி செய்தி அனுப்பலாம் என்றும் ஒரு யோசனை எழுதிவைத்தார். ஸ்பார்க் பிளக்கின் கொள்ளுப்பாட்டன் அந்தப் பாத்திரம். ஒருதரம் வெடித்தால் போதும் என்பதால் கரியும் சூடும் அதற்குப் பிரச்சினையாக இருக்கவில்லை.

அடுத்தவர் எத்தியென் லெனுவா. இன்று பெல்ஜியத்தில் இருக்கும் ஒரு கிராமத்தில் பிறந்து, பாரிசுக்குப் போய் உணவுச்சாலையில் பரிமாறுபவராக வேலை பார்த்து, பிறகு எனாமல் பூசும் தொழிலுக்குப் போனவர். 1847இல் வெள்ளை எனாமல் செய்வதற்குப் புதிய முறை ஒன்றைக் கண்டுபிடித்தார். இந்த விவரத்தை எஞ்சின் வரலாறு எழுதுபவர்கள் ஒரு வரியில் தாண்டிப்போகிறார்கள், நான் தாண்டமாட்டேன். உலோகத்தின் மேல் கண்ணாடிபோல் உருகி ஒட்டும் பூச்சு, அது சூட்டில் எப்படி வெடிக்கும், எப்படி வெடிக்காது என்று கை அறிந்த மனிதர்தான் 1860 ஜனவரி 24ஆம் திகதி வாயு எஞ்சினுக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த எஞ்சினில் பீங்கானுக்குள் செருகிய கம்பிகள் இருந்தன, ரூம்கோர்ப் சுருளிலிருந்து அவற்றுக்கு உயர் மின்னழுத்தம் வந்தது. வடிவத்தில் அது இன்றைய பிளக்தான். ஆனால் அது ஓயாமல் பழுதாகியது. எண்ணெயும் கரியும் படிந்தால் பொறி வராது.

அதனால் மின்பொறியில் ஆட்களுக்கு நம்பிக்கை விட்டுப்போனது. 1876இல் நிக்கொலாஸ் ஓட்டோ நாலடி எஞ்சினைக் கட்டியபோது, வெளியே எரிந்துகொண்டிருந்த சுவாலையைச் சறுக்குக் கதவு ஒன்றால் உள்ளே எடுத்துப் பற்றவைத்தார். கொட்லீப் டைம்லர், வெளியிலிருந்து விளக்கால் சூடாக்கிச் சிவக்கவைத்த குழாயை வைத்தார். கார் குடைசாய்ந்தால் அந்த விளக்கே எல்லாவற்றையும் கொளுத்திவிடும். இவர்களுக்கு நடுவே மின்பொறியைக் கைவிடாதவர் கார்ல் பென்ஸ். 1886 ஜனவரி 29ஆம் திகதி அவர் காப்புரிமை கேட்ட மூன்று சில்லு வண்டியில் பற்றரியும் சுருளும் பிளக்கும் இருந்தன. பற்றவைக்கும் வேலைதான் தனக்கு எல்லாவற்றிலும் பெரிய தலையிடி என்று அவரே சொன்னவர்.

1888 ஓகஸ்டில் அவருடைய மனைவி பேர்த்தா, கணவருக்குச் சொல்லாமல் இரண்டு மகன்மாரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட்டிப்போனார். வீஸ்லொக் ஊரில் மருந்துக்கடையில் லிக்ரொயின் வாங்கி ஊற்றினார். அக்காலத்தில் எரிபொருள் விற்ற இடம் அதுதான். அடைத்த குழாயைத் தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். தேய்ந்து கசிந்த பற்றவைப்புக் கம்பிக்குத் தன் காலுறை நாடாவைச் சுற்றிக் காப்பிட்டார். சேலைன் குழாயில் கார் ஓட்டிய ஊரவர்களுக்கு இந்த அம்மாவைச் சொந்தக்காரியாகத் தோன்றாமல் இராது.

சரியான மின்னழுத்தம் 1902இல் கிடைத்தது. ஸ்ருட்கார்ட்டில் ரொபேட் பொஷ்ஷின் வேலைத்தலத்தில் கொட்லொப் ஹொனொல்ட் என்ற பொறியியலாளர், பற்றரி இல்லாமல் எஞ்சினே சுழற்றும் உயர் அழுத்த மக்னீற்றோவையும் அதற்கான பிளக்கையும் சேர்த்துச் செய்தார். அதற்குப் பிறகு சூடான குழாயும் சுவாலையும் அருங்காட்சியகத்துக்குப் போயின. இங்கிலாந்தில் வானொலி அலைகளை ஆராய்ந்த ஒலிவர் லொட்ஜின் பிள்ளைகளும் பிளக் செய்து விற்றார்கள்.

அமெரிக்காவில் விற்றவரின் கதை கொஞ்சம் விசித்திரம். அல்பேர்ட் சாம்பியன் என்ற பிரெஞ்சுக்காரர், 1899இல் பாரிஸ் - ரூபே சைக்கிள் போட்டியை வென்றவர், அமெரிக்காவுக்குப் போய் பொஸ்டனில் தன் பெயரில் பிளக் நிறுவனம் தொடங்கினார். பிறகு அங்கிருந்து விலகி, பிளின்ற் நகரில் 1908இல் வேறொரு நிறுவனம் கண்டார். பழைய பங்காளிகள் ‘சாம்பியன்’ என்ற பெயரைத் தங்களோடு வைத்துக்கொண்டார்கள். தன் பெயரையே பாவிக்க முடியாத மனிதர் முதலெழுத்துகளை எடுத்து ‘ஏசி’ என்று போட்டார். யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர் வைத்திருந்தவர்கள் கடையில் ‘சாம்பியன் என்5’ என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்கிய பிளக், சாம்பியன் விட்டுப்போன நிறுவனத்தினுடையது.

மின்னழுத்தம் வந்தாயிற்று. காப்புத்தான் வரவில்லை. அன்றைய பீங்கான் கோப்பை செய்யும் மண். திடீர்ச் சூட்டில் வெடிக்கும். சூடு ஏறினால் மின்சாரத்தைக் கசியவிடும். பந்தயக் கார்களிலும் விமானங்களிலும் தலைதெறிக்கச் சூடாகும் எஞ்சின்கள் வந்தபோது பீங்கான் தோற்றது. கெனெல்ம் லீ கின்னஸ் என்ற பந்தயக்காரர், மதுபானத்தால் பெயர்போன அதே கின்னஸ் குடும்பத்தவர், மைக்காவைப் பிடித்தார். ஏடு ஏடாக உரியும் அந்தக் கனிமத்தை வளையங்களாக வெட்டி அடுக்கி, அமுக்கி, கடைசலில் வைத்துச் சீவி எடுத்த பிளக் கே.எல்.ஜி. 1922இல் புரூக்லண்ட்ஸ் பாதையில் மணிக்கு 133.75 மைல் ஓடித் தரைவேகச் சாதனை வைத்தவரும் அவரே. அக்காலத்தில் உலகத்துக்கு ஏட்டு மைக்கா பெரும்பாலும் போனது இந்தியாவிலிருந்து. பீகாரின் கோடர்மாவிலும் சென்னை மாகாணத்து நெல்லூரிலும் தோண்டியது. முதல் உலகப் போரில் விமானங்களுக்கு மைக்கா பிளக்தான் கைகொடுத்தது.

மைக்காவைக் கவிழ்த்தது ஈயம். 1921இன் கடைசியில் அமெரிக்காவில், எஞ்சின் தட்டாமல் இருக்கப் பெற்றோலில் ஈயச் சேர்மம் கலக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். ஈயம் எரிந்து உண்டாகும் உப்புகள் மைக்காவை அரித்தன. ஒரு பிரச்சினையைத் தீர்க்க ஊற்றியது இன்னொன்றைக் கிளப்பியது. இயந்திர வரலாறு முழுக்க இந்த மாதிரித்தான், சலித்துக்கொள்ள ஒன்றுமில்லை. 1930களில் ஜேர்மனியில் சீமென்ஸும் இங்கிலாந்தில் லொட்ஜும் அலுமினாவுக்குப் போயின. அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த வெள்ளைத் தூளை அமுக்கி, 1,600 பாகைக்குக் கிட்டச் சுட்டெடுத்த பீங்கான். இரத்தினபுரியில் தோண்டும் நீலக்கல்லும் சிவப்புக்கல்லும் இதே பொருள்தான், நிறக் கலப்போடு. ஈயம் அதை அரிக்காது, சூட்டில் கசியாது, சூட்டை வேகமாகக் கடத்தவும் செய்யும். தொண்ணூறு வருடம் போயும் அதற்கு மாற்றுப் பொருள் எவரும் கொண்டுவரவில்லை. இன்றைக்கு எந்தப் பிளக்கைக் கழற்றினாலும் கையில் படும் வெள்ளை அதுதான்.

இனி மூக்கின் நீளம். பீங்கானின் உள்நுனி நீளமாக இருந்தால் சூடு வெளியே போகப் பாதை நீளம், ஆகவே நுனி சூடாகவே நிற்கும். குட்டையாக இருந்தால் சூடு சட்டென்று இறங்கிவிடும். நுனி 450 பாகைக்கு மேல் நின்றால் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850ஐத் தாண்டினால் தணல் துண்டுபோல் நின்று பொறிக்கு முன்பே பற்றவைக்கும். இரண்டுக்கும் நடுவில் வாழவேண்டும். இதற்கு இலக்கம் போடும் முறையை பொஷ் 1927இல் கொண்டுவந்தது. அதில் ஒரு வில்லங்கம் உண்டு. பொஷ்ஷின் இன்றைய இலக்கத்திலும் சாம்பியனிலும் எண் கூடினால் சூடான பிளக். 1936இல் நாகோயாவில் தொடங்கிய என்.ஜி.கே.யில் இலக்கம் கூடினால் குளிர்ந்த பிளக். “ஒரு நம்பர் கூட்டித் தாங்கோ” என்று கேட்பதற்கு முன் பெட்டியின் பெயரைப் பார்க்கவேண்டும்.

மண்ணெண்ணெய்க் கார்களுக்கு வேண்டியது சூடான பிளக். கிடைத்ததைப் போட்டார்கள், அது வேறு கதை. கிடைத்ததை எப்படி உயிரோடு வைத்தார்கள் என்பதைக் கராஜில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நாலு பிளக்கும் கழற்றி, எந்தச் சிலிண்டருக்கு எது என்று மாறாமல் மட்காட்டின் மேல் வரிசையாக வைப்பார் மெக்கானிக். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பார். பால்விட்ட தேநீர் நிறத்தில் மூக்கு இருந்தால் பேசாமல் வைத்துவிடுவார். பஞ்சுக் கறுப்பென்றால் எண்ணெய் கூட, காற்றுக் குறைவு. ஈரக் கறுப்பென்றால் அந்தச் சிலிண்டர் எரியவேயில்லை, அல்லது ரிங் தேய்ந்து எஞ்சின் ஒயில் மேலே வருகிறது. வெள்ளை வெளிறி, ஓரத்தில் கொப்புளம் இருந்தால் கோபப்படுவார். பிறகு கம்பித் தூரிகையால் தேய்த்து, எமரித்தாளால் நுனியைச் சதுரமாக்கி, அடுப்பில் காட்டிச் சூடாக்குவார். சூட்டோடு பூட்டினால் முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடிக்கும். சூடான பிளக்கில் தண்ணீர் பட்டால் பீங்கான் கண்ணுக்குத் தெரியாமல் வெடித்துவிடும். அதற்காகவே பக்கத்தில் வாளி வைக்கவிடமாட்டார்.

இடைவெளி அளக்கும் தகடு எல்லாக் கராஜிலும் இருக்கவில்லை. இரும்பறுக்கும் அக்சோ பிளேட்டின் முதுகை இரண்டு முனைகளுக்கும் நடுவே விட்டுப் பார்ப்பார்கள். லேசாக உரசிக்கொண்டு போனால் சரி. கேட்டால் “கைப்பழக்கம் தம்பி” என்பார்கள். கைப்பழக்கம் மட்டுமில்லை. கை வாளின் அலகு தடிப்பு அங்குலத்தில் ஆயிரத்துக்கு இருபத்தைந்து பங்கு. மொறிஸ் மைனரின் கைநூல் பிளக்குக்குச் சொல்லும் இடைவெளியும் அதேதான். பல்லுள்ள பக்கம் இருபுறமும் வளைந்திருப்பதால் தடிப்புக் கூட; முதுகை விடவேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அப்போதைய பழைய பிளக்குகளில் மின்தடை வைத்தவை குறைவு. ஒவ்வொரு பொறியும் ஒரு சின்ன வானொலி நிலையம்தான். இரவில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோ சுற்றி பீபீசி தமிழோசை கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒழுங்கையால் ஒரு மோட்டார் சைக்கிள் போனால் செய்தியின் முக்கிய இடத்தில் கொறகொறவென்று இரைச்சல் விழும். இப்போதைய பிளக்கின் இலக்கத்தில் வரும் ‘ஆர்’ எழுத்து, ஏறக்குறைய ஐயாயிரம் ஓம் தடை உள்ளே இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

பிளக் தேய்வது கரியால் மட்டுமில்லை. ஒவ்வொரு பொறியும் நுனியிலிருந்து உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துக்கொண்டு போகிறது. நிமிடத்துக்கு 2,500 சுற்றுச் சுற்றும் நாலடி எஞ்சினில் ஒரு பிளக் 1,250 தரம் அடிக்கும். மணிக்கு 40 கிலோமீற்றர் சராசரியில் 20,000 கிலோமீற்றர் போக 500 மணித்தியாலம். அதற்குள் ஒரு பிளக் மூன்றேமுக்கால் கோடித் தரம் அடித்திருக்கும். சதுர ஓரங்கள் உருண்டுபோகும், இடைவெளி அகலும். மின்சாரம் கூர் ஓரத்திலிருந்து இலகுவாகப் பாயும், உருண்டையிலிருந்து பாய மறுக்கும். அதனால்தான் எமரித்தாளால் சதுரமாக்கியது.

பொறியைப் பாயவைக்கும் இந்தக் கஷ்டத்தில்தான், காற்றை அடைத்துத் திணிக்கும் டேர்போ எஞ்சின் வேறு சாதி. 1889இல் பிரெடரிக் பாஷன் என்ற ஜேர்மன் இயற்பியலாளர் காட்டியபடி, பொறி பாயத் தேவையான மின்னழுத்தம் வாயுவின் அமுக்கமும் இடைவெளியும் பெருகிய கணக்கோடு ஏறும். எஞ்சினின் இரும்பில் பிளக்கை வைத்து உதைத்து, நீலப் பொறி வருகிறது என்று திருப்திப்படுவது ஊர் வழக்கம். வெளிக் காற்றில் அதற்கு இரண்டு மூவாயிரம் வோல்ற் போதும். சிலிண்டருக்குள் அதே இடைவெளிக்குப் பத்தாயிரத்துக்கு மேல் வேண்டும். டேர்போ காற்றை அடைத்துத் திணித்தால் இன்னும் மேலே. வெளியே அழகாக அடித்த பிளக், மேட்டில் மிதிக்கும்போது மட்டும் தவறுவதற்குக் காரணம் இதுதான்.

குடாநாட்டில் வேகக் கார் என்றால் கோடையில் வெளிநாட்டிலிருந்து வருபவர் வாடகைக்கு எடுப்பதைத்தான் சனம் நினைக்கும். உண்மையில் கனபேர் தெரியாமலே ஒன்றை ஓட்டுகிறார்கள். சாமான் ஏற்றும் சுசுகி எவ்ரி வான்களில் டேர்போ வைத்தவை, 658 சிசி, மூன்று சிலிண்டர். ஜப்பான் கார் நிறுவனங்கள் அந்த வகுப்புக்குத் தமக்குள் பேசி வைத்துக்கொண்ட 64 குதிரைவலு வரம்பைத் தொட்டு நிற்கும் எஞ்சின். ஒரு லீற்றர்க் கொள்ளளவுக்கு நூறு குதிரைக்குக் கிட்ட. ஏ40 டெவன் 1,200 சிசியில் கொடுத்தது நாற்பது. இந்தச் சின்ன வானின் பிளக் படும் பாடு பந்தயக் காரின் பிளக் படும் பாடு. மேலே வெங்காய மூடை, கீழே தேங்காய், ஏசியும் போட்டபடி.

அதற்காகவே நுனிக்கு இரிடியம் வந்தது. நிக்கல் 1,455 பாகையில் உருகும், பிளாட்டினம் 1,768இல், இரிடியம் 2,446இல். உருகாத உலோகம் என்றால் நுனியை மெல்லியதாக்கலாம். ஜப்பானின் டென்சோ 1990களின் கடைசியில் 0.4 மில்லிமீற்றர் நுனியோடு பிளக் விட்டது. மெல்லிய நுனியிலிருந்து பொறி குறைந்த மின்னழுத்தத்தில் பாயும், சுவாலையையும் குளிரவைக்காது. விலை அதிகம், 2021இல் இரிடியம் அவுன்ஸ் ஆறாயிரம் டொலரைத் தாண்டியது. சாதாரண நிக்கல் பிளக் இருபது முப்பதாயிரம் கிலோமீற்றர் போகும் இடத்தில் இது ஒரு லட்சம் போகும் என்று பெட்டியில் போட்டிருக்கும். அந்தக் கணக்கு டேர்போ இல்லாத காருக்கு. அமுக்கம் கூடிய எஞ்சினில் பாதிக்கு மேல் நம்பாமல் இருப்பது நல்லது. தேய்ந்த பிளக்கை விட்டுவைத்து, அதற்கு மின்னழுத்தம் கொடுக்கும் கொயில் போனபின் அதன் விலையைக் கேட்டால் பிளக் மலிவாகத் தெரியும்.

பழைய கைகளுக்கு இந்தப் பிளக் எதிரி. கம்பித் தூரிகை போட்டால் இரிடியம் நுனி ஒடிந்துவிடும். எமரித்தாள் பட்டால் போயிற்று. அக்சோ பிளேட்டை நடுவில் விட்டு நெம்பினால் நுனியோடு உள்பீங்கானும் வெடிக்கும். மண்ணெண்ணெய்க் காலத்தில் கார்களைக் காப்பாற்றிய அதே மெக்கானிக்கின் கை, பழக்கத்தில் புதுப் பிளக்கைக் கொன்றுவிடும். இடைவெளி மாற்றத்தான் வேண்டுமென்றால், நடுமுனையைத் தொடாமல் வெளிக்கொம்பை மட்டும் மெதுவாக வளைக்கலாம். டேர்போவில் கறுத்த பிளக்கைக் காட்டி “ஒரு நம்பர் சூடாய்ப் போடுவம்” என்பவரையும் நிறுத்தவேண்டும். மண்ணெண்ணெய்க்குச் சரியான அந்த வைத்தியம் இங்கே பிஸ்டனில் ஓட்டை போடும். காற்று பில்டரையும் கொயிலையும் முதலில் பார்க்கட்டும்.

பூட்டுவதிலும் வித்தியாசம் உண்டு. கிழட்டு ஒஸ்ரினின் ஹெட் வார்ப்பிரும்பு. எவ்வளவு இறுக்கினாலும் தாங்கியது. இப்போது அலுமினியம். எஞ்சின் ஆறியபின்தான் கழற்றவேண்டும், சூட்டில் கழற்றினால் மரை பிளக்கோடு வந்துவிடும். கழற்றுவதற்கு முன் பிளக் இறங்கி நிற்கும் குழிக்குள் இருக்கும் செம்மண் தூசியை ஊதி எடுக்கவேண்டும். வலிகாமத்து றோட்டில் ஓடிய வானில் அது ஒரு கரண்டி இருக்கும், அவ்வளவும் சிலிண்டருக்குள்தான் விழும். புதுப் பிளக்கைத் திறப்பில்லாமல் விரலால் கடைசிவரை திருகி, வளையம் முட்டியதும் திறப்பால் அரைச் சுற்று. பழையதைத் திரும்பப் போட்டால் வளையம் ஏற்கெனவே நசிந்திருக்கும், பன்னிரண்டில் ஒரு சுற்றுப் போதும்.

மயிலிட்டியிலும் பருத்தித்துறையிலும் வெளியிணைப்பு எஞ்சின் போட்ட படகுகள் இன்னமும் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன. 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஏறியபோது பல படகுகள் கரையில் கிடந்தன. கடலுக்குப் போகிறவர் கையில் பிளக் திறப்பும், பொலித்தீனில் சுற்றி ஈரம் படாமல் வைத்த இரண்டு பிளக்கும் இருக்கும். இரிடியம் இல்லை, நிக்கல். உப்புக் காற்றில் கம்பித் தூரிகை போட்டுத் தேய்த்துப் பாவிக்கக்கூடியது.